கடிதத்தின் பின்பக்கம்

கந்தோருக்குப் புதிதாக ஒரு பிரிண்டர் வாங்கப் போகிறீர்களாம். எதை வாங்கலாம் என்று ரீற்றா மிஸ்ஸைக் கேளுங்கள் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் கட்டாயம் என்மேல் ஏதோ பழைய கோபம் உள்ளவராகத்தான் இருப்பார். இந்தக் கந்தோரில் முப்பது வருடம் குப்பை கொட்டியவள் நான் என்பது உண்மை. ஆனால் பிரிண்டர் விஷயத்தில் என்னைப்போலக் குழம்பிய ஆள் மன்னாரில் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஆகையால் எந்த மாதிரி நல்லது, எதன் மை மலிவு என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். ஒரேயொரு பிரிண்டரை நான் தெரிவு செய்தேன். அதனால் ஒரு பெண்ணின் உயிர் போகப் பார்த்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன். யோசனை ஏதும் அதற்குள் கிடந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மன்னார் நகரத்தில் நம்முடைய சங்கத்துக்கு இரண்டு அறைக் கந்தோர் ஒன்றுதான் இருந்தது. பணிப்பாளர், நான், சாரதி சூசை அண்ணை, களஞ்சியத்துக்குப் பொறுப்பான ஒருவர், ஆக நாலு பேர். இடம்பெயர்ந்த சனத்துக்குச் சாமான் கொடுப்போம். வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளருக்கு உறுதிக் கடிதம் கொடுப்போம். இந்த இரண்டாவது வேலை உங்களுக்கு விளங்காது, நீங்கள் அப்போது பிறந்திருக்கவும் மாட்டீர்கள். மன்னார்த் தீவிலிருந்து பாலம் கடந்து கொழும்புக்குப் போவதற்கு ஒரு பாஸ் வேண்டும். நோயாளர் என்றால் பாஸோடு நம்முடையதைப் போன்ற ஒரு சங்கத்தின் கடிதமும் வேண்டும். இன்னார், அடையாள அட்டை இலக்கம் இன்னது, இன்ன வருத்தத்துக்குப் போகிறார் என்று அதில் இருக்கும். கடிதமும் பாஸும் அடையாள அட்டையும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் சோதனைச்சாவடியில் ஆள் நகரலாம்.

வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று எங்களுக்கு ஒரு கம்பியூட்டரைத் தந்தது. பிரிண்டரை நீங்களே பார்த்து வாங்குங்கள் என்று சொல்லிவிட்டது. அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கந்தோரில் ஆங்கிலத் தட்டச்சு தெரிந்தவள் நான் ஒருத்திதான். தட்டச்சுப் பொறியும் பிரிண்டரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று பணிப்பாளர் நினைத்திருக்க வேண்டும்.

“லேசர் வாங்கும், ரீற்றா. கொழும்பிலை எல்லாக் கந்தோரிலையும் அதுதான்” என்றார் அவர்.

சூசை அண்ணை அதைக் கேட்டுச் சிரித்தார். “எங்கடை ஜெனரேற்றர் லேசரை இழுக்குமோ ஐயா? அது சூடேறேக்கை லைற் மங்கும், ஃபேன் நிக்கும், பிறகு நானும் நிண்டிடுவன். இருக்கிற மண்ணெண்ணெய்க்கு அது சரிவராது.”

களஞ்சியக்காரர் வேறொன்றைச் சொன்னார். நாடா போட்டு ஊசியால் குத்தி அடிக்கிற மாதிரி இருக்கிறதே, அதை வாங்கினால் ஆயுளுக்கும் உழைக்கும் என்றார். அந்தப் பிரிண்டரை நான் முன்பு ஒரு வங்கியில் கேட்டிருக்கிறேன். பார்த்திருக்கிறேன் என்று சொல்ல வரவில்லை, கேட்டுத்தான் இருக்கிறேன். அந்தச் சத்தம் அப்படி. எங்கள் கந்தோருக்குப் பின்மதிலோடு ஒரு சென்றி இருந்தது, அதில் இரண்டு ஆமிக்காரர் நிற்பார்கள். ஒரு நாள் பொழுதுபடுகிற நேரத்தில் நான் அறிக்கை அடிக்கத் தொடங்க, டடடட என்று கேட்டு, அவன்கள் துவக்கோடு மதிலேறிக் குதித்தால் யார் பதில் சொல்வது? அந்த யோசனையை அங்கேயே கைவிட்டேன்.

ஆக, மூன்று பேருக்கு மூன்று கருத்து. மூன்றும் சரி என்றே எனக்குப் பட்டது. கொழும்புக் கடைக்குப் போனபோது நாலாவதாக ஒருவன் சேர்ந்துகொண்டான்.

“மாசத்துக்கு எத்தன பேஜ் அடிப்பீங்க மேடம்?” என்று கேட்டான் கடைப் பையன்.

“அது சண்டையைப் பொறுத்தது தம்பி” என்றேன். நான் பகிடி விடவில்லை. சனம் இடம்பெயர்ந்தால் பட்டியல் பட்டியலாக அடிக்க வேண்டும். பெயராவிட்டால் கிழமைக்குப் பத்துக் கடிதம் வந்தாலே பெரிய காரியம். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு, கலர் வேண்டுமா, வேகம் வேண்டுமா, மை சேமிக்க வேண்டுமா என்று அடுக்கிக்கொண்டே போனான். எனக்குத் தலை சுற்றியது. கடைசியில் ஒரு சின்ன இங்க்ஜெட் பிரிண்டரைக் காட்டினான். கரண்ட் கொஞ்சமாகத்தான் குடிக்கும், சத்தமே இல்லை, மடியில் வைத்துக்கொண்டு வான் வண்டியில் வரலாம். மாதிரிக்கு ஒரு பக்கம் அடித்துத் தந்தான். எழுத்துகள் கல்யாண அழைப்புக் காட் மாதிரி இருந்தன. நான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், தூரத்தில் வைத்துப் பார்த்தேன், மணந்துகூடப் பார்த்தேன். திருப்பிப் பார்க்கத்தான் தோன்றவில்லை. உலகத்தில் எவராவது ஒரு கடிதத்தின் பின்பக்கத்தைப் பார்த்துப் பிரிண்டர் வாங்குவார்களா, நீங்களே சொல்லுங்கள்.

கொண்டுவந்து வைத்த முதல் நாளே சோதனை. பெட்டியையும் அதற்குள் இருந்த வழிகாட்டிப் புத்தகத்தையும் முன்வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனோம். தெருவெல்லாம் திரிகிற மன்னார்க் கழுதைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. திரும்பி வந்து பார்த்தால் புத்தகத்தில் அட்டையும் யப்பான் மொழிப் பக்கங்களும் மட்டும் மிச்சம். “கழுதைக்கும் இங்கிலீஷ்தான் பிடிச்சிருக்கு மிஸ்” என்றார் சூசை அண்ணை. அதனால் அந்தப் பிரிண்டரைப் பற்றி எழுதியிருந்த எதையும் நான் படிக்கவில்லை. ஈரம் படக்கூடாது என்று அதில் எழுதியிருந்ததோ என்னவோ, அந்தக் கழுதைக்குத்தான் தெரியும்.

முதல் மூன்று கிழமையும் அறிக்கைகளைத்தான் அதில் அடித்தோம். நோயாளர் கடிதங்களைப் பழக்க தோஷத்தில் தட்டச்சிலேயே அடித்து வந்தேன். நாலாவது கிழமை தட்டச்சுப் பொறியின் இழுவை நாடா அறுந்தது. திருத்துவதற்குக் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும். அதே நாளில்தான் தெய்வானை வந்தாள்.

தெய்வானைக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். அவளுடைய தாய் தகப்பன் மலையகத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து வந்து, முருங்கனுக்கு அப்பால் காடு வெட்டிக் குடியேறியவர்கள். புருஷன் மாரிமுத்து நாள் கூலிக்கு வயல் வேலை செய்கிறவன். அவளுக்கு இருதயத்தில் ஒரு வால்வு சரியில்லை. எங்கள் கந்தோருக்கு மூன்றே மூன்று படி. அதை ஏறுவதற்குள் இரண்டு தரம் நின்று, தூணைப் பிடித்து மூச்சு வாங்கினாள். உதடு நாவற்பழம் தின்றதுபோல நீலமாக இருந்தது. மன்னார் ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை படுத்திருந்துவிட்டு வந்திருந்தாள். கொழும்பில் அவளுக்கு ஆப்பரேஷனுக்கு நாள் கிடைத்திருந்தது. நாளை மறுநாள் காலை எட்டு மணிக்குள் அங்கே போய்ப் படுக்க வேண்டும். தவறினால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு.

“மறுபடி பேரு பதிஞ்சா எப்ப கெடைக்கும்னு கேட்டேங்கம்மா. டாக்டரு ஒண்ணும் சொல்லல. அதுவரைக்கும் இது தாங்காதுன்னு மட்டும் சொன்னாரு” என்றான் மாரிமுத்து. மனைவிக்குக் கேட்காதபடி சொல்வதாக அவன் நினைத்துக்கொண்டான். அவள் பக்கத்திலேயே நின்றாள்.

புதுப் பிரிண்டரில் அவளுடைய கடிதத்தை அடித்தேன். கம்பியூட்டர் கையில் வந்த புதிதில் எல்லாருக்கும் வருகிற நோய் எனக்கும் வந்திருந்தது. எழுத்தைத் தடிப்பாக்கலாம், நடுவில் வைக்கலாம். அவளுடைய பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கடிதத்தின் நடுவே தனி வரியாக வைத்துக் கறுகறுவென்று தடிப்பாக்கினேன். பணிப்பாளர் பார்த்துவிட்டு, “இப்பதான் ஒரு கந்தோரின்ரை கடிதம் மாதிரிக் கிடக்கு” என்று கையெழுத்து வைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த நாள் விடிய ஆறு மணிக்கு எங்கள் வானில் வெளிக்கிட்டோம். சூசை அண்ணை ஓட்டினார், பின்னால் தெய்வானையும் மாரிமுத்துவும் இருந்தார்கள். எனக்குச் சிங்களம் ஓரளவு வரும் என்பதால் நானும் போனேன். பாலம் தாண்டியதும் முதலாவது சோதனைச்சாவடி. வரிசையில் ஒரு மணித்தியாலம் நின்றபின் எங்கள் முறை வந்தது.

ஆமிக்காரன் இளைஞன். கடிதத்தை வாங்கினான், வாசிக்கவில்லை. அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பெருவிரலால் தடவினான். இரண்டாம் தரமும் தடவினான். பிறகு என்னிடம் நீட்டி, “மேக்க கொப்பியக். ஒரிஜினல் எக்க கோ?” என்றான். இது பிரதி, மூலம் எங்கே என்கிறான்.

பிள்ளைகளே, எத்தனை தரம் அந்தப் பாதையால் போயிருக்கிறேன். எத்தனை தரம் அவர்கள் கடிதத்தைத் திருப்பித் தடவுவதைப் பார்த்திருக்கிறேன். கைப்பழக்கம், சிலர் மூக்கைச் சொறிகிறமாதிரி என்று நினைத்திருந்தேன். அந்த நிமிடத்தில்தான் எனக்கு வெளித்தது. அந்தக் காலத்தில் கடிதங்களைப் போட்டோப் பிரதி எடுத்துப் பெயரை மாற்றிக்கொண்டு ஆட்கள் போய்வந்தார்கள். பிரதியைக் கண்டுபிடிக்க அவர்களிடம் இருந்த ஒரே கருவி பெருவிரல். தட்டச்சில் அடித்தால் எழுத்துகள் பேப்பரைக் குத்தும், பின்பக்கம் சொரசொரவென்று இருக்கும். எங்கள் தட்டச்சில் முற்றுப்புள்ளி பேப்பரை ஓட்டையே போட்டுவிடும். பிரதி என்றால் பின்பக்கம் மழமழவென்று இருக்கும். என்னுடைய கல்யாணக் காட்டின் பின்பக்கமும் மழமழவென்றுதான் இருந்தது.

இது ஒரிஜினல்தான், புது மெஷினில் அடித்தது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். கையெழுத்தைப் பார் என்றேன். கையெழுத்தையும் இப்போது கலரில் பிரதி எடுக்கிறார்கள் என்றான். அதுவும் சரிதான். அவனோடு கோபிக்கவும் முடியவில்லை, அவன் பொய் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. வானுக்குள் தெய்வானை இருமுகிற சத்தம் கேட்டது.

எனக்கு அப்போது ஒரு புத்தி வந்தது. வராமலே இருந்திருக்கலாம். பிரதி எடுத்த பேப்பரில் எழுத்து ஈரத்துக்கு அசையாது. இந்தப் பிரிண்டரின் மை அசையும் என்பது எனக்குத் தெரியும், ஒரு நாள் தேத்தண்ணீர் சிந்தி அறிக்கை ஒன்று பாழாகியிருந்தது. “இங்கை பார்” என்று விரலை நாக்கில் தொட்டு, கடிதத்தில் வைத்து ஒரு இழுவை இழுத்தேன். மை கரைந்து வந்தது. அவனும் தன் விரலை ஈரமாக்கி அதே இடத்தில் தேய்த்தான். கறுத்த விரலைப் பார்த்துச் சிரித்தான். பக்கத்தில் நின்றவனுக்கும் காட்டினான். சரி, ஒரிஜினல்தான், போ என்று கையசைத்தான்.

வானில் ஏறி ஐந்து நிமிடம் நான் ராணி மாதிரி இருந்தேன். பிறகுதான் கடிதத்தைப் பார்த்தேன்.

அவசரத்தில் விரல் எங்கே போகும்? எங்கே மை கூடக் கிடக்கிறதோ அங்கேதான் போகும். நான் ஆசை ஆசையாகத் தடிப்பாக்கி நடுவில் வைத்த அந்த வரியைத்தான் தேய்த்திருந்தேன். அவளுடைய பெயரும் இல்லை, இலக்கமும் இல்லை. அந்த இடத்தில் கறுப்பாக ஒரு மேகம் நின்றது.

“என் பேரு அழிஞ்சிருச்சாம்மா?” என்றாள் தெய்வானை. எட்டிப் பார்த்திருக்கிறாள். அவள் என்னைக் குறை சொல்லவில்லை, கேட்டாள், அவ்வளவுதான். நாளைக்கு நெஞ்சைக் கிழிக்கப் போகிற ஒரு பெண் தன் பெயர் அழிந்ததைக் கண்ணால் பார்ப்பது எப்படி இருக்கும் என்று நினைத்து, கடிதத்தை அவளுக்குத் தெரியாதபடி மடித்தேன்.

அடுத்த சோதனைச்சாவடி மதவாச்சிக்குக் கிட்ட, பெரியது. அங்கேதான் மூன்று பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இலக்கம் இலக்கமாக ஒப்பிடுவார்கள். கடிதத்தில் ஒரு இலக்கத்தை மாற்றியதாகச் சொல்லி, இரண்டு மாதத்துக்கு முன் எங்களுக்குத் தெரிந்த ஒருவரை அங்கேதான் மறித்து வைத்தார்கள். அவர் எப்போது வந்தார் என்று கேட்காதீர்கள்.

“மிஸ், பேனையாலை அதுக்கு மேலை இலக்கத்தைத் திருப்பி எழுதிவிடுங்கோ. ஆர் பாக்கப்போறான்?” என்றார் சூசை அண்ணை. அடுத்த வளைவில் அவரே மனம் மாறினார். “வேண்டாம், வேண்டாம். திரும்பிப் போய் வேறை கடிதம் அடிச்சுக்கொண்டு வருவம்.”

திரும்பிப் போனால் பாலத்தடியில் மறுபடி வரிசை. கந்தோருக்குப் போய் வருவதற்குள் வெளியே போகிற பாதையை அன்றைக்குப் பூட்டிவிடுவார்கள். நாளைக் காலை எட்டு மணி போய்விடும். மேலே எழுதினால் அது கள்ளக் கடிதம். அப்படியே கொடுத்தால் அழித்த கடிதம். மாரிமுத்துவைப் பார்த்தேன். “நீங்க படிச்சவங்க. நீங்க சொல்றபடிங்கம்மா” என்றான். அவன் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தீர யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன் என்று உங்களுக்குச் சொல்ல ஆசைதான். அது பொய். எதைச் செய்தாலும் பிழை என்று தெரிந்தபோது, ஏற்கெனவே செய்த பிழையை எழுதிவிடலாம் என்று தோன்றியது. தெய்வானையின் எக்ஸ்றே உறையை வாங்கி மடியில் வைத்து, அதன்மேல் கடிதத்தை விரித்தேன். “அண்ணை, கொஞ்சம் மெல்லமாய் விடுங்கோ” என்று சொல்லிவிட்டு, பணிப்பாளரின் கையெழுத்துக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் குமிழ்முனைப் பேனையால் எழுதத் தொடங்கினேன். மேலே அழிந்திருக்கும் வரி என் விரலால் அழிந்தது. முதலாவது சோதனைச்சாவடியில் இது பிரதி அல்ல என்று காட்டுவதற்காக நானே ஈரவிரலால் தேய்த்தேன். அழிந்த பெயர் இது, இலக்கம் இது. பிழை என்னுடையது, நோயாளருடையது அல்ல. இவ்வளவையும் ஆங்கிலத்தில் எழுதி, என் முழுப்பெயரையும் என் அடையாள அட்டை இலக்கத்தையும் போட்டுக் கையெழுத்து வைத்தேன். வான் குலுங்கியதால் பேனையை அழுத்திப் பிடித்து எழுதினேன். எழுத்து கோழி கிண்டினதுபோலத்தான் இருந்தது.

பதினொரு மணிபோல அந்த இடத்துக்கு வந்தோம். தகரக் கொட்டிலுக்குள் கதிரையில் கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் இருந்தார். பாஸ், அடையாள அட்டை, கடிதம் மூன்றையும் கொடுத்தேன். கடிதத்தின் கறுப்பு மேகத்தைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறியது. கடிதத்தைத் திருப்பினார். மேல் பாதியைத் தடவினார். கீழே வந்தபோது பெருவிரல் நின்றது. என் பேனை குத்திய இடங்களில் விரலை மெதுவாக அங்குமிங்கும் கொண்டுபோனார். பிறகு முன்பக்கம் திருப்பி, நான் எழுதியதை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். அந்தக் கடிதத்தை அன்றைக்கு யாராவது வாசித்தார்கள் என்றால் அதுதான் முதல் தரம்.

“இது யார்?” என்று என் பெயரைக் காட்டினார்.

“நான்தான்.”

“யாரும் எழுதச் சொன்னார்களா?”

“இல்லை. பிழை நான் விட்டது.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வானில் இருந்த தெய்வானையைப் பார்த்தார். நோயாளி போகலாம், இதற்கப்பால் கடிதம் கேட்கமாட்டார்கள், நீ இரு, மன்னாரில் விசாரித்து மறுமொழி வரும்வரை நீயும் கடிதமும் இங்கே என்றார்.

சூசை அண்ணை தயங்கினார். “போங்கோ அண்ணை, நாளைக்கு எட்டு மணி” என்றேன். எங்கிருந்து எனக்கு அந்தத் தைரியம் வந்ததென்று தெரியாது. வான் மறைந்த அடுத்த நிமிடமே அந்தத் தைரியமும் போய்விட்டது. ஒரு நீள மர வாங்கில் என்னை இருத்தினார்கள். நான் கைதியா, விருந்தாளியா என்று எனக்கு விளங்கவில்லை. எனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தவனும் துவக்கோடு பக்கத்தில் நின்றவனும் ஒரே ஆள்தான். பயத்தில் செபமாலை சொல்லத் தொடங்கினேன், எத்தனையாவது மணி என்பது மறந்து மறந்து போனது. செய்தது நல்ல காரியமா, மடைத்தனமா என்று எனக்குள்ளேயே வழக்கு நடந்தது. இரண்டு பக்கமும் வென்றது.

நாலு மணிக்கு மன்னாரிலிருந்து மறுமொழி வந்தது. அடையாள அட்டையைத் திருப்பித் தந்தார்கள். கடிதத்தைத் தரவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அடுத்த நாள் பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். அவர் நல்ல மனிதர், ஆனால் அன்று பொரிந்து தள்ளினார். “சங்கத்தின்ரை கடிதத்திலை நீர் என்னெண்டு எழுதுவீர்? என்ரை கையெழுத்துக்குக் கீழை உம்மடை கையெழுத்தோ? நாளைக்கு அவங்கள் எங்கடை கடிதம் ஒண்டையும் நம்பாட்டி எத்தினை நோயாளர் நடுவழியிலை நிப்பினம் தெரியுமோ? ஒராளைப் பாத்தீர், மிச்சப் பேரைப் பாத்தீரோ?”

“இல்லை ஐயா” என்றேன். உண்மையாகவே நான் மிச்சப் பேரைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அவர் சொன்னது முழுக்கச் சரி. நான் செய்தது பிழையென்றும் எனக்குப் படவில்லை. ஒரே நேரத்தில் இரண்டும் எப்படிச் சரியாகும் என்று அன்றைக்குக் கேட்டேன், இன்றைக்கும் கேட்கிறேன். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் எதிலும் தெளிவாக இரு என்று சொல்லுவார்கள். தெளிவில்லாமலும் ஒரு நாள் முழுக்க வேலை செய்ய வேண்டி வரும் என்பதை ஒருவரும் சொல்வதில்லை. ஆகையால் நான் சொல்லி வைக்கிறேன்.

பிரிண்டரைப் பற்றியும் ஒன்று. அந்த ஊசிக் குத்துப் பிரிண்டரை வாங்கியிருந்தால் பின்பக்கம் சொரசொரவென்று இருந்திருக்கும், இந்தக் கதையே நடந்திருக்காது. ஆனால் அதன் சத்தத்துக்கு மதிலேறிக் குதித்திருப்பான்கள், வேறொரு கதை நடந்திருக்கும். லேசர் வாங்கியிருந்தால் மை கரைந்திராது, அதனால் முதல் இடத்திலேயே எங்களைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். கரைகிற மைதான் எங்களைக் கெடுத்தது, அதுவேதான் பாலத்தையும் தாண்ட வைத்தது. அப்படியென்றால் நான் வாங்கியது சரியா, பிழையா? நீங்கள் வாங்கப்போவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அடிக்கிற பேப்பர் கடைசியில் யாருடைய கைக்குப் போகிறது, அந்தக் கை அதை என்ன செய்யும்? கடைக்காரன் இதைக் கேட்கமாட்டான்.

பணிப்பாளர் என்னைத் திட்டியதோடு விடவில்லை. மாதிரிக் கடிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு தானே ஆமி முகாமுக்குப் போனார். எங்கள் கடிதங்கள் இனிமேல் இப்படித்தான் வரும், பின்பக்கம் மழமழவென்றுதான் இருக்கும் என்று விளங்கப்படுத்தி, எல்லாச் சாவடிக்கும் அறிவிப்பதாக எழுத்தில் வாங்கிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு பிரிண்டர்க் கடிதங்களுக்கு ஒரு தடையும் வரவில்லை. நானும் எந்த எழுத்தையும் தடிப்பாக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை நேரம், வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது தெய்வானை மேசைக்கு முன்னால் நின்றாள். மூன்று படியையும் ஏறி வந்திருக்கிறாள், எங்கும் நிற்கவில்லை, தூணைப் பிடிக்கவில்லை. உதடு உதட்டின் நிறத்தில் இருந்தது. எழும்பிப் போய் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

“செக்கப்புக்குப் போகணும்மா. கடிதம் வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்” என்றாள். மாரிமுத்து பின்னால் நின்று சிரித்தான்.

ஐந்து நிமிடத்தில் கடிதத்தை அடித்து, பணிப்பாளரிடம் கையெழுத்து வாங்கி அவளிடம் கொடுத்தேன். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. கடிதத்தை வாங்கினாள், திருப்பினாள், பின்பக்கத்தைப் பெருவிரலால் தடவினாள். மேலிருந்து கீழ்வரை தடவினாள். பிறகு அதை மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினாள்.

“இது வேணாம்மா. அன்னிக்கு மாதிரி கையால எழுதிக் குடுங்க.”

“இப்ப இதுதான் சரியான கடிதம் தெய்வானை. பெரியவங்களோடை எல்லாம் கதைச்சாச்சு. ஒருத்தரும் மறிக்கமாட்டினம்” என்றேன்.

“இருக்கும்மா. நீங்க எழுதுனதுலதானே நான் போய்ச் சேந்தேன்” என்றாள், அந்த இடத்தைவிட்டு அசையாமல்.

நான் பணிப்பாளரைப் பார்த்தேன். அவருடைய அறைக் கதவு திறந்துதான் இருந்தது, எல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும். அவர் எழும்பி வந்தார். மேசையில் கிடந்த கடிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கையெழுத்து வைத்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். அலுமாரியைத் திறந்து சங்கத்தின் பெயர் போட்ட வெற்றுத் தாள் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். தன் சட்டைப் பையில் இருந்த பேனையையும் எடுத்து அதன்மேல் வைத்தார்.

“எழுதும், ரீற்றா” என்றார். “நல்லா அழுத்தி எழுதும்.”